எண் தராத குழிகள்: அளவறி பிசிஆர் தரவில் விடுபட்ட மதிப்புகள்



ஆண்டுதோறும் ஓர் அறிவியல் பொருள் குறித்துத் தமிழில் பேச வேண்டும், பேசியதை அச்சிட்டு மாணவர்களுக்குத் தர வேண்டும் என்பது இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் ஏற்பாடு. பெரிய கண்டுபிடிப்பு ஒன்றைப் பற்றிப் பேசலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். நான் சிறிய பொருள் ஒன்றையே தேர்ந்தெடுத்தேன். மரபணு வெளிப்பாட்டை அளக்கும் ஆய்வுக்கூடங்களில் நாள்தோறும் எடுக்கப்படும் ஒரு முடிவு அது. பெரும்பாலும் அதை ஆய்வாளர் எடுப்பதில்லை, கணினி எடுத்துவிடுகிறது. அதனால்தான் இன்று அதைப் பேச விரும்புகிறேன்.

கொரோனா காலத்துக்குப் பிறகு பிசிஆர் என்ற சொல்லை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. "சிடி வேல்யூ எவ்வளவு?" என்று வீட்டுத் திண்ணைகளில்கூடக் கேட்டுக்கொண்டோம். 1983இல் கலிஃபோர்னியாவின் சீட்டஸ் நிறுவனத்தில் பணியாற்றிய கேரி முல்லிஸ் இந்த முறைக்கான கருத்தை உருவாக்கினார். 1993இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். ஒரு டிஎன்ஏ துண்டைச் சூடேற்றிப் பிரித்து, குளிர்வித்து, நொதியைக் கொண்டு நகலெடுத்தால் அது இரண்டாகும். மறு சுற்றில் நான்காகும். இதே சீட்டஸ் குழுவைச் சேர்ந்த ரஸ்ஸல் ஹிகுச்சி 1990களின் தொடக்கத்தில் இன்னொன்றைச் செய்தார். ஒளிரும் சாயத்தைக் கலந்து, நகல்கள் பெருகப் பெருகக் குழாயின் ஒளி கூடுவதை ஒவ்வொரு சுற்றிலும் கேமராவால் பதிவுசெய்தார். பெருக்கம் முடிந்தபின் பார்ப்பதற்கு மாறாக, நடக்கும்போதே பார்க்கலாம் என்றானது. இன்றைய ரியல் டைம் பிசிஆர், அதாவது அளவறி பிசிஆர் கருவிகள் எல்லாம் அதன் வழிவந்தவை.

ஒளிர்வு ஒரு வரம்புக்கோட்டைத் தாண்டும் சுற்றின் எண்தான் சிடி மதிப்பு. தொடக்கத்தில் மூலக்கூறுகள் நிறைய இருந்தால் கோடு விரைவில் தாண்டப்படும், சிடி குறைவாக இருக்கும். குறைவாக இருந்தால் தாமதமாகும். பெருக்கம் முழுத்திறனோடு நடந்தால் தொடக்க அளவு பத்தில் ஒரு பங்காகும்போது சிடி 3.32 சுற்று கூடும். வழக்கமாக 40 சுற்றுகள் ஓட்டுவோம். தட்டில் மாதிரி ஊற்றும் குழிகளில், நாற்பதும் முடிந்தபின் கோட்டைத் தாண்டாதவற்றுக்குக் கருவி எண் தராது. "அன்டிடர்மின்டு" என்ற சொல்லை மட்டும் அச்சிடும். நான் பேச வந்தது அந்தக் குழிகளைப் பற்றி.

இனி நடப்பதைப் பாருங்கள். மாணவர் கருவி தந்த கோப்பை எக்செல்லில் திறக்கிறார். ஒரே மாதிரியை இட்ட மூன்று குழிகளில் இரண்டில் எண், ஒன்றில் சொல். சராசரி காணும் சூத்திரத்தைப் போடுகிறார். எக்செல்லின் சராசரிச் சூத்திரம் எழுத்தாக உள்ள கட்டங்களைக் கணக்கில் சேர்க்காது. இரண்டு எண்களின் சராசரியைத் தந்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. எண் தராத குழியை விட்டுவிடலாம் என்று யாரும் முடிவெடுக்கவில்லை, ஆனாலும் அது விடப்பட்டுவிட்டது. வேறு சில ஆய்வுக்கூடங்களில் இதற்கு நேரெதிரான பழக்கம் உண்டு. சொல் இருக்கும் இடத்திலெல்லாம் 40 என்று நிரப்பிவிடுவார்கள். கேட்டால், மூத்த மாணவர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார் என்பார்கள்.

இதனால் என்ன குடி முழுகிவிடும் என்று தோன்றலாம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை. நெல் நாற்றுகளில் ஒரு மரபணுவை அளக்கிறோம். நன்கு நீர் பெற்ற மூன்று நாற்றுகளில் சிடி 33.2, 33.5, 33.8. சராசரி 33.5. வறட்சியில் வைத்த மூன்றில் ஒன்று 36.0, மற்ற இரண்டிலும் எண் வரவில்லை. மாதிரிகளுக்கிடையிலான ஆர்என்ஏ அளவு வேறுபாட்டைச் சரிசெய்ய உதவும் ஒப்பீட்டு மரபணு ஆறு மாதிரிகளிலும் ஒரே அளவு என்று கொள்வோம். எண் வராதவற்றை விட்டுவிட்டால் வேறுபாடு 2.5 சுற்று, அதாவது வறட்சியில் மரபணுவின் வெளிப்பாடு ஏறத்தாழ 5.7 மடங்கு குறைந்திருக்கிறது. அவற்றுக்கு 40 போட்டால் சராசரி 38.67, வேறுபாடு 5.17, இப்போது வெளிப்பாடு 36 மடங்கு குறைந்துவிட்டது. ஒரே செடிகள், ஒரே தட்டு, ஒரே நாள். ஆய்வுக் கட்டுரையில் அச்சாகும் எண் மட்டும் ஆறு மடங்குக்கு மேல் மாறுகிறது. லிவாக்கும் ஷ்மிட்ஜனும் 2001இல் வெளியிட்ட இரட்டை டெல்டா சிடி முறையைத்தான் இன்று உலகமெங்கும் பயன்படுத்துகிறோம். சிடி வேறுபாட்டை இரண்டின் அடுக்கில் ஏற்றும் முறை அது. சிடியில் புகும் சிறு பிழையும் அடுக்கில் ஏறும்போது பெரிதாகிவிடும்.

இந்த இரண்டில் எது சரி என்றுதான் மாணவர்கள் முதலில் கேட்பார்கள். இரண்டும் சரியில்லை. ஏன் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

முதலில் 40ஐ எடுத்துக்கொள்வோம். ஒரே ஒரு மூலக்கூறு முழுத்திறனோடு பெருகினால் 37 சுற்றில் ஏறத்தாழ 13,700 கோடி நகல்களாகிவிடும். நன்றாகச் சீரமைத்த ஒரு சோதனையில் ஒற்றை மூலக்கூறு சுமார் 35 முதல் 37ஆம் சுற்றுக்குள் கோட்டைத் தாண்டிவிடும். அப்படியானால் 40 எதைக் குறிக்கிறது? 37ஐ ஒரு மூலக்கூறு என்று வைத்தால், 40 என்பது எட்டில் ஒரு பங்கு மூலக்கூறு. அப்படி ஒன்று குழிக்குள் இருக்க முடியாது. 40 என்பது நாம் கருவியை நிறுத்திய இடம். 45 சுற்று ஓட்டும் ஆய்வுக்கூடம் அதே குழிக்கு 45 என்று எழுதும். அவர்களின் மரபணு இன்னும் 32 மடங்கு குறைந்துபோகும். செடி செய்யாத வேலையைச் சுற்று எண்ணிக்கை செய்துவிடுகிறது.

இதைவிட மறைவான சிக்கல் ஒன்றும் உண்டு. மாதிரிக்கு மாதிரி ஆர்என்ஏ அளவு வேறுபடும் என்பதால்தான் ஆக்டின் போன்ற ஒப்பீட்டு மரபணுவின் சிடியைக் கழிக்கிறோம். இரண்டு மாதிரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஆக்டின் 18, இன்னொன்றில் ஆர்என்ஏ குறைவாகப் போனதால் 21. நாம் தேடும் மரபணு இரண்டிலும் எண் தரவில்லை. இரண்டுக்கும் 40 போட்டுக் கழித்தால் முதலாவது 22, இரண்டாவது 19. மூன்று சுற்று வேறுபாடு, அதாவது எட்டு மடங்கு. ஆர்என்ஏ குறைவாகப் போட்ட மாதிரியில் அந்த மரபணு எட்டு மடங்கு அதிகம் வெளிப்படுகிறது என்று கணக்கு சொல்லும்! இரண்டு குழியிலும் எதுவும் தெரியவில்லை என்பதே நமக்குத் தெரிந்த உண்மை. இப்படிப் பிறந்த எட்டு மடங்குகள் எத்தனை வரைபடங்களில் நின்றுகொண்டிருக்கின்றனவோ என்ற கவலை எனக்கு உண்டு. ஒரு குழுவின் எல்லா மாதிரிகளுக்கும் ஒரே 40ஐ நிரப்பினால் சிதறலும் செயற்கையாகச் சுருங்கும். சிதறல் சுருங்கினால் டி சோதனையின் பி மதிப்பு கவர்ச்சியாக வந்துவிடும். உண்மையில் நாம் எதையும் துல்லியமாக அளக்கவில்லை.

விட்டுவிடுவதாவது பாதுகாப்பா? அதையும் பார்ப்போம். ஒரு குழிக்குச் சராசரியாக ஒரு மூலக்கூறு வரும்படி மிக நீர்த்த மாதிரி ஒன்று இருக்கிறது. பிப்பெட்டில் எடுக்கும் ஒவ்வொரு துளியிலும் சரியாக ஒன்று வந்து உட்காராது. பாய்சான் பரவல்படி 37 விழுக்காடு குழிகளில் ஒன்றும் இராது. சிலவற்றில் ஒன்று, சிலவற்றில் இரண்டு, மூன்று. எண் வந்த குழிகளை மட்டும் எடுத்தால் சராசரி 1.58 ஆகிவிடும். உண்மை ஒன்று, நாம் சொல்வது ஒன்றரைக்கும் மேல். இப்படிப்பட்ட மாதிரியை மும்முறை அளந்தால், நான்கில் மூன்று தடவை குறைந்தது ஒரு குழியாவது எண் தராது. அதில் கருவியின் குறையோ மாணவரின் கைப்பிழையோ எதுவும் இல்லை. சராசரியாக மூன்று மூலக்கூறுகள் இருந்தாலும் நூற்றில் ஐந்து குழி காலியாகவே இருக்கும். அதனால்தான் 95 விழுக்காடு உறுதியோடு கண்டறியக்கூடிய கோட்பாட்டு எல்லையை மூன்று நகல் என்று வைத்திருக்கிறார்கள். காலிக் குழியும் ஓர் அளவீடுதான். "இங்கே மிகக் குறைவு" என்று அது நம்மிடம் சொல்கிறது. அதை வீசிவிட்டு, எண் தந்த குழிகளின் சாட்சியத்தை மட்டும் கேட்பது ஒருதலைப்பட்சம்.

எல்லாக் காலிக் குழிகளும் இதையேதான் சொல்கின்றன என்றும் கொள்ள முடியாது. இதைத் தெளிவாக வகுத்துத் தந்தவர் புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின். 1976இல் பயோமெட்ரிக்கா இதழில் அவர் எழுதிய கட்டுரை, மதிப்பு ஏன் விடுபட்டது என்ற கேள்வியைப் பகுப்பாய்வின் நடுவில் வைத்தது. அதற்கு முன்பே வேளாண் புள்ளியியலில் இந்தச் சிக்கல் எழுந்தது. ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தின் ஃபிராங்க் யேட்ஸ் 1933இல், வயல் சோதனையில் ஒரு பாத்தியின் விளைச்சல் கிடைக்காமல் போனால் மற்றப் பாத்திகளிலிருந்து அதை எப்படி மதிப்பிடுவது என்று காட்டினார். நம் வேளாண் கல்லூரி மாணவர்கள் இன்றும் அந்தக் கணக்கைப் போடுகிறார்கள். ஒரு பாத்தியை ஆடு மேய்ந்துவிட்டால் யேட்ஸின் கணக்கு பொருந்தும். நாம் இட்ட உரமே பயிரைக் கருக்கிவிட்டிருந்தால், அந்தப் பாத்தியை விடுபட்டது என்று எழுதி அண்டைப் பாத்திகளின் விளைச்சலால் நிரப்பலாமா?

பிசிஆர் தட்டிலும் இதே கேள்விதான். ஒரே மாதிரியின் மூன்று குழிகளில் 24.1, 24.2, பிறகு காலி என்று வந்தால், அந்தக் குழியில் பிப்பெட் தவறியிருக்கலாம், குமிழி நின்றிருக்கலாம், அல்லது மேலுறை சரியாக ஒட்டாமல் ஆவியாகியிருக்கலாம். 24இல் வரும் ஒன்று தற்செயலாக மறையாது. அதை விட்டுவிடலாம், கூடுமானால் மறுபடி ஓட்டலாம். 36.8, 37.9, காலி என்று வந்தால் கதை வேறு. அங்கே மூலக்கூறுகள் குறைவு என்பதனாலேயே மதிப்பு விடுபடுகிறது. விடுபட்டதற்குக் காரணம் விடுபட்ட மதிப்பே. ரூபினின் வகைப்பாட்டில் மிகவும் கடினமான வகை இது. நம் தட்டுகளில் மிகுதியாக வருவதும் இதுதான். மூன்றாவதாக, ஒரு மாதிரியில் எல்லா மரபணுக்களுமே தாமதமாக வந்தால் ஆர்என்ஏ சிதைந்திருக்கலாம், அல்லது இலையிலுள்ள பாலிஃபீனால்கள் நொதியைத் தடுத்திருக்கலாம். ஒப்பீட்டு மரபணுவைப் பார்த்தாலே பெரும்பாலும் இது பிடிபடும். எந்தக் கணிப்பு முறையையும் தொடும் முன் தட்டைக் கண்ணால் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹார்ட்மட் லேண்டின் குழு, புற்றுநோயில் இரண்டு மரபணுப் பிறழ்வுகள் கூடிச் செய்யும் வேலையை எலிப் பெருங்குடல் செல்களில் ஆராய்ந்துவந்தது. அதற்காகப் பெருமளவில் பிசிஆர் தரவு திரட்டினார்கள். அங்கிருந்த புள்ளியியலாளர் மேத்யூ மெக்கால், ஹெலீன் மெக்மரே, லேண்ட், ஆந்தனி அல்முடேவர் ஆகியோருடன் 2014இல் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரை முழுக்க முழுக்க எண் தராத குழிகளைப் பற்றியது. மூன்று தரவுத் தொகுப்புகளை எடுத்து, ஒரு மரபணுவின் சராசரிச் சிடி கூடக்கூட எண் தராத குழிகளின் விகிதமும் கூடுவதைக் காட்டினார்கள். தற்செயலாக விடுபட்டிருந்தால் அப்படிக் கூடாது. 40ஐ நிரப்பும் பழக்கம் மதிப்பீட்டை ஒருபக்கமாகச் சாய்ப்பதையும் காட்டினார்கள்.

அவர்கள் தந்த வழி இது. ஒரு குழி எண் தராமல் போகும் வாய்ப்பு, மரபணு அளவு குறையக் குறைய ஒரு வளைகோட்டில் உயர்கிறது என்று கொள்வது. அந்த வளைகோட்டையும் மரபணுவின் அளவையும் ஒன்றைக்கொண்டு ஒன்றை மாறிமாறித் திருத்தி, இரண்டும் நிலைபெறும்வரை போவது. டெம்ப்ஸ்டர், லேர்டு, ரூபின் ஆகிய மூவர் 1977இல் பொதுமைப்படுத்திய ஈஎம் முறைதான் இதன் அடிப்படை. இப்படிக் கிடைக்கும் மதிப்பு, அதே மரபணு அதே நிலையில் தந்த மற்ற அளவுகளுக்குச் சற்று மேலே நிற்கும், 40க்குத் தாவாது. நம் நெல் எடுத்துக்காட்டில் இந்த முறை தரும் மதிப்பீடு 5.7க்கும் 36க்கும் இடையில் எங்கோ இருக்கும் என்பதை இதிலிருந்து உணரலாம். பயோகண்டக்டர் என்ற நிரல் தொகுப்பில் "நான்டிடெக்ட்ஸ்" என்ற பெயரில் இதற்கான ஆர் நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. இதே வழியில் 2020இல் வந்த அடுத்த கட்டுரை, ஒரே மதிப்பை நிரப்பி அதையே அளந்ததுபோல் நடத்தினால் நிச்சயமின்மை மறைந்துவிடும் என்பதை எடுத்துக்கொண்டது. பலமுறை வெவ்வேறு மதிப்புகளை நிரப்பி முடிவுகளின் சிதறலையும் சேர்த்துச் சொல்லும் முறையையும், நிரப்பாமலே நேரடியாக மதிப்பிடும் முறையையும் அது தந்தது.

பிற துறைகளும் இந்தச் சுவரில் முட்டியவைதான். வீட்டுப் பொருள்கள் வாங்கச் செலவே செய்யாத குடும்பங்களை எப்படிக் கணக்கிடுவது என்று பொருளியலாளர் ஜேம்ஸ் டோபின் 1958இல் எழுதினார். அதிலிருந்து பிறந்தது டோபிட் முறை. எல்லை கூர்மையாக இருக்கும் இடத்தில் அது நன்றாக வேலை செய்யும். பிசிஆரின் எல்லை அவ்வளவு கூர்மையானது அன்று. தண்ணீரில் மாசுகளை அளப்போர் எல்லைக்குக் கீழ்ப்பட்டவற்றுக்கு எல்லையில் பாதியை நிரப்பிவந்தார்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய டெனிஸ் ஹெல்சல் அந்தப் பழக்கத்தை எதிர்த்து ஒரு நூலே எழுதினார்.

ஒரு குழுவில் எல்லா மாதிரியுமே எண் தராவிட்டால் என்ன செய்வது? எந்தக் கணித முறையும் அங்கே மடங்கு எண் தராது, தந்தால் நம்பாதீர்கள். எத்தனை மாதிரியில் தெரிந்தது, எத்தனையில் தெரியவில்லை என்று எண்ணி ஃபிஷரின் துல்லியச் சோதனையைப் போடலாம். ஒரு பக்கம் ஆறுக்கு ஆறும் தெரிந்து, மறுபக்கம் ஆறில் ஒன்றும் தெரியாவிட்டால் பி மதிப்பு 0.002 அளவில் வரும். மூன்றுக்கு மூன்று என்றால் 0.1க்குக் கீழே அது வரவே வராது. மூன்று மாதிரிகளை மட்டும் வைத்துக்கொண்டு "இந்த மரபணு முற்றிலும் அணைந்துவிட்டது" என்று எழுதுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அதிக ஆர்என்ஏ, கூடுதல் மாதிரிகள், நல்ல பிரைமர், வாய்ப்பிருந்தால் டிஜிட்டல் பிசிஆர் என்று காலிக் குழியைக் குறைக்கும் வழிகள் இருக்கின்றன. செலவு பிடிக்கும். என்றாலும் அச்சாகிவிட்ட தவறான எண்ணைப் பின்தொடர்ந்து இன்னொருவர் செய்யும் செலவைவிட அது குறைவு.

நோய்க் கண்டறிதலில் ஓர் எல்லை எண்ணை வைத்துக்கொள்வது வேறு. கொரோனாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சிடி 35ஐ எல்லையாக வைத்தது. அங்கே கேள்வி, தொற்று உண்டா இல்லையா என்பது. ஆம், இல்லை என்ற விடை போதும். எத்தனை மடங்கு என்று கேட்கும் மரபணு வெளிப்பாட்டு ஆய்வுக்கு அந்தப் பழக்கத்தை எடுத்துவந்து, 35க்கு மேல் வந்ததையெல்லாம் காலி என்று அடித்துவிடுவது உள்ள தகவலையும் இழப்பதாகும். எல்லை வைத்தே ஆக வேண்டுமென்றால், மாதிரி ஊற்றாத கட்டுப்பாட்டுக் குழியைப் பார்த்து வையுங்கள். அங்கே எண் வராமலிருப்பதுதான் நல்ல செய்தி. அங்கேயே 38 வந்தால், உங்கள் மாதிரியில் வந்த 38க்கு மதிப்பில்லை.

அளவறி பிசிஆர் ஆய்வுகளை எழுதுவதற்காக ஸ்டீபன் பஸ்டின் தலைமையில் 2009இல் வெளிவந்த மிக்கி நெறிமுறைகள், கண்டறியும் எல்லைக்கான சான்றையும், விலகல் மதிப்புகளை எப்படிக் கண்டு என்ன செய்தோம் என்பதையும் கட்டாயம் எழுதச் சொல்கின்றன. அதன் பிறகும் நான் மதிப்பிடும் ஆய்வேடுகளில் பெரும்பாலானவற்றில் காலிக் குழிகளைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. வேலையில் அக்கறை இல்லாததால் அல்ல. கேட்பாரில்லை என்பதால் விட்டுவிடுகிறார்கள். ஆய்வேட்டைக் கையில் எடுக்கும் நாங்கள் கேட்டிருந்தால் எழுதியிருப்பார்கள்.

மாணவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். கருவி தந்த மூலக் கோப்பை ஓர் எழுத்தும் மாற்றாமல் தனியாகச் சேமித்து வையுங்கள். காலிக் குழிகளை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைத் தட்டை ஓட்டும் முன்பே நோட்டில் தேதியிட்டு எழுதுங்கள். எந்தக் குழுவில், எந்த மரபணுவில் எத்தனை காலி என்று அட்டவணையில் காட்டுங்கள். எந்த முறையால் நிரப்பினீர்கள் அல்லது ஏன் விட்டீர்கள் என்று முறையியலில் ஒரு பத்தி எழுதுங்கள். முடிந்தால் இரண்டு முறையிலும் கணக்கிட்டு, முடிவு மாறுகிறதா என்று சொல்லுங்கள். வழிகாட்டிகளான என் நண்பர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: அந்தப் பத்தி இல்லாத ஆய்வேட்டைக் கையொப்பமிடாமல் திருப்பிக் கொடுங்கள்.